டியூப் கிடார் ஆம்ப்: முதலில் ஸ்பீக்கர், கடைசியில் மின்சாரம்

பழைய 50 வாட் டியூப் ஹெட் (வெற்றிடக் குழாய்களால் ஓடும், ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) ஒன்றும், நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள கேபினெட் ஒன்றும் கைக்கு வந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். எதை எதில் செருகுவது, ஸ்டாண்ட்பை ஸ்விட்ச் எதற்கு, கேபினெட் இல்லாமல் ஹெட்டை மட்டும் போட்டுப் பார்க்கலாமா, டியூப் மாற்றினால் பயாஸ் (வாசிக்காதபோது டியூபில் ஓடும் கரண்டைச் சரியான அளவுக்கு வைப்பது) செய்தே ஆகவேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள். மூன்றாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஆம்பைக் காப்பாற்றப்போவது அதுதான். ஸ்பீக்கர் இல்லாமல் போடவே கூடாது. விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதற்காக ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

டிரான்சிஸ்டர் ஆம்பில் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அங்கே ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டால் கரண்ட் போக வழியில்லை, ஆம்ப் பேசாமல் இருந்துவிடும். டியூப் ஆம்பில், ஸ்பீக்கரைத் தள்ளும் பெரிய டியூபான பவர் டியூபுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு இஎல்34 டியூப் உள்ள 50 வாட் ஆம்பில் டியூப்கள் எதிர்பார்க்கும் சுமை ஏறத்தாழ 3,400 ஓம். ஸ்பீக்கரின் 8 அல்லது 16 ஓமை டிரான்ஸ்ஃபார்மர்தான் அந்த அளவுக்குப் பெரிதாக்கி டியூபுக்குக் காட்டுகிறது. ஸ்பீக்கர் இல்லையென்றால் டியூபின் கண்ணுக்குச் சுமையே இல்லை. சிக்னலில் கரண்ட் சட்டென்று அறும்போது இரும்புக் கோரில் சேர்ந்த ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லாமல், பிளேட்டின் (டியூபின் உள்ளே எலக்ட்ரான்களை வாங்கும் தகடு) வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் தாவும். அது சாக்கெட்டில் பிளேட் பின்னான 3-இலிருந்து பக்கத்தில் இருக்கும் ஹீட்டர் (டியூபைச் சூடாக்கும் இழை) பின்னான 2-க்குப் பொறியாகப் பாயலாம். அல்லது டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளுக்கு நடுவே உள்ள இன்சுலேஷனைத் துளைக்கலாம். சாக்கெட்டில் ஒரு முறை பொறி பாய்ந்து கரித்தடம் விழுந்துவிட்டால் அந்தக் கரியே பிறகு மின்சாரத்தைக் கடத்தும். சாக்கெட்டை மாற்றித்தான் ஆகவேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் போனால் ஆம்பின் விலை உயர்ந்த பாகமே போயிற்று.

கிடாரை வாசிக்காமல் சும்மா வைத்திருந்தால் ஆபத்து குறைவுதான், ஆனால் பூஜ்ஜியம் இல்லை. நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டின் ஒரு பகுதியை எதிர்த்திசையில் உள்ளே திருப்பிவிடும் இணைப்பு) உள்ள ஆம்ப் சுமை இல்லாதபோது, கேட்க முடியாத அதிர்வெண்ணில் தானாகவே ஆடத் தொடங்கலாம். இன்னொன்று: டியூப் ஆம்பின் ஸ்பீக்கர் வெளியீடு கொஞ்ச நேரம் ஷார்ட் ஆவது, திறந்து கிடப்பதைவிடக் குறைந்த தீங்கு. ஃபெண்டர் ஆம்ப்கள் பலவற்றில் பிளக் செருகாதபோது ஸ்பீக்கர் ஜாக் தானாகவே ஷார்ட் ஆகும்படி வைத்திருப்பது இதனால்தான். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு இது நேர் எதிர், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆகவே இணைக்கும் வரிசை இது: முதலில் ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் ஸ்பீக்கர் கேபிள், பிறகு ஹெட்டின் ஓம் செலக்டரைக் கேபினெட்டின் ஓமுக்கு வைப்பது, பிறகு கிடார், எல்லா வால்யூமும் பூஜ்ஜியத்தில், கடைசியில்தான் மெயின் கார்டு. கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக.

ஓம் விஷயத்தில் கேபினெட்டின் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். முன்னால் வைத்திருந்தவர் ஸ்பீக்கரை மாற்றியிருக்கலாம், உள்ளே ஒரு ஒயர் கழன்றிருக்கலாம். கேபிளைக் கேபினெட்டில் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் உடம்புக்கும் நடுவே மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். 16 ஓம் கேபினெட் ஏறத்தாழ 12 முதல் 14 வரை காட்டும். 8 ஓம் என்றால் 6 முதல் 7. 4 ஓம் என்றால் 3 முதல் 3.5. மீட்டர் அளப்பது காயிலின் டிசி எதிர்ப்பை மட்டும், அதனால் எண் எப்போதும் குறைவாகத்தான் வரும். நான்கு 16 ஓம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகச் சீரிஸிலும் பிறகு பேரலலிலும் கட்டினால் மொத்தம் மறுபடி 16 ஓம். அதில் ஒரு ஸ்பீக்கரின் காயில் அறுந்தால், அதோடு சீரிஸில் இருப்பதும் ஊமையாகி, மீட்டர் 16 ஓம் கேபினெட்டில் 25 பக்கம் காட்டும். ஸ்டீரியோ–மோனோ ஸ்விட்ச் உள்ள கேபினெட் என்றால் மோனோவில் இருக்கிறதா, எந்த ஜாக்கில் செருகியிருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள்; பாதி ஸ்பீக்கர்கள் மட்டும் பேசினால் ஓம் கணக்கும் மாறிவிடும்.

ஹெட்டின் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் ஜாக் இருந்தால் அவை பெரும்பாலும் பேரலலில் இருக்கும். இரண்டு 16 ஓம் கேபினெட் செருகினால் 8 ஓம், இரண்டு 8 ஓம் செருகினால் 4 ஓம். செலக்டரை அந்த மொத்த அளவுக்கு வையுங்கள். சரியான அளவு கிடைக்காவிட்டால் ஒரு படி தப்பினால் பெரும்பாலான ஆம்ப்கள் தாங்கும் என்று பரவலாகச் சொல்வதுண்டு, அது உண்மையும்கூட. ஆனால் இரண்டு திசையிலும் விளைவு ஒன்றல்ல. 8 ஓம் வெளியீட்டில் 4 ஓம் மாட்டினால் டியூப் வழியே கூடுதல் கரண்ட் ஓடி டியூப் சீக்கிரம் தேயும். 8 ஓம் வெளியீட்டில் 16 ஓம் மாட்டினால் மேலே சொன்ன வோல்டேஜ் தாவல் தலைகாட்டும். தேய்ந்த டியூபை மாற்றிவிடலாம், எரிந்த டிரான்ஸ்ஃபார்மரை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. கட்டாயம் ஒரு படி தவறாக மாட்டித்தான் ஆகவேண்டுமென்றால் முதல் வகையே மேல் என்பது என் கணிப்பு. அதுவும் முழு வால்யூமில் வேண்டாம். செலக்டரை ஆம்ப் ஓடும்போது திருப்பவே கூடாது, ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நொடியில் சுமை அறுந்துபோகும்.

கேபிள் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கிடார் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் ஒரே கால் அங்குலப் பிளக்கோடு வருவதால் பலரும் மாற்றிச் செருகிவிடுகிறார்கள். கிடார் கேபிளின் நடுக் கம்பி மிக மெல்லியது. 50 வாட்டை 8 ஓமில் தள்ளும்போது ஓடுவது 2.5 ஆம்பியர், 4 ஓமில் 3.5 ஆம்பியர். மெல்லிய கம்பி சூடாகி, சால்டர் இளகி அறுந்தால், சுமை இல்லாத நிலைக்கு வந்து நிற்பீர்கள். வேண்டியது ஷீல்டு இல்லாத, இரண்டும் ஒரே தடிமனான கம்பி கொண்ட கேபிள், 1.5 சதுர மில்லிமீட்டர் தாராளம், நீளம் ஒரு மீட்டர் போதும். பிளக் மூடியைத் திருகிப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். கேபிள் கால் படாத இடமாகப் போகட்டும். வாசித்துக்கொண்டிருக்கும்போது யாரோ இடறிப் பிளக் வெளியே வருவதுதான் டிரான்ஸ்ஃபார்மர்கள் சாகும் வழக்கமான வழி.

ஸ்பீக்கர் தாங்கும் வாட் அளவையும் கூட்டிப் பாருங்கள். 50 வாட் என்பது சுத்தமான சிக்னலுக்கான கணக்கு. ஓவர்டிரைவில் அலை சதுரமாகிவிடும்போது அதே ஆம்ப் கணிசமாகக் கூடுதலாகத் தள்ளும், கோட்பாட்டளவில் இருமடங்கு வரை. 25 வாட் ஸ்பீக்கர் நான்கு என்றால் 100 வாட், பயமில்லை. அதே ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் மாட்டினால் வாய்ஸ் காயில் எரியும்.

இனி மின்சாரம். ஆம்பின் பின்னால் எழுதியிருக்கும் வோல்டேஜும் வோல்டேஜ் செலக்டரும் உங்கள் சுவர் சாக்கெட்டோடு பொருந்துகிறதா பாருங்கள். 120 வோல்ட் ஆம்பை 230-இல் செருகினால் ஃபியூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம். ஸ்டெப்–டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டுமென்றால் ஆம்ப் இழுக்கும் வாட்டைப்போல் இருமடங்கு தாங்குவதை வாங்குங்கள். 150 வாட் இழுத்தால் 300 விஏ. எர்த் தொடர்ந்து போகும் வகையாக இருக்கவேண்டும். பயணங்களுக்கு விற்கும் லேசான எலக்ட்ரானிக் கன்வர்ட்டர் இதற்கு ஆகாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எர்த் பின்னை எந்தக் காரணத்துக்காகவும் துண்டிக்காதீர்கள். ஹம் எனும் ரீங்கார இரைச்சல் போவதற்காக எர்த்தைக் கழற்றும் பழக்கம் உயிரைக் குடிக்கக்கூடியது: கிடாரின் தந்திகள் ஆம்பின் உலோகச் சேஸிஸோடு நேரடியாக இணைந்தவை, உங்கள் விரல்கள் தந்திகளில் இருக்கும், உதடு மைக்கில் இருக்கும். இரண்டு ஆம்ப்களைச் சேர்த்து வாசிக்கும்போது ஹம் வந்தால், சிக்னல் கேபிளில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவதே சரியான தீர்வு. இரண்டு பின் கார்டோடு வரும் பழைய ஆம்ப்கள் பலவற்றில், மெயின் லைனிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அது ஷார்ட் ஆனால் சேஸிஸ் முழுக்க மெயின் மின்சாரம். அப்படிப்பட்டது உங்களுடையது என்றால், வாசிப்பதற்கு முன்பே மூன்று பின் கார்டு போட்டு அந்தக் கெப்பாசிட்டரை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர், அதே வகை. ஸ்லோ–ப்ளோ இருந்த இடத்தில் வேகமாக உருகும் வகையைப் போட்டால் ஆம்ப் போடும்போதே போகும். பெரிய ஆம்பியர் போட்டால் அடுத்து உருகப்போவது டிரான்ஸ்ஃபார்மர்.

பல வருடம் பெட்டியில் கிடந்த ஆம்பை நேராகச் சுவரில் செருகாதீர்கள். ஃபில்டர் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களில் உள்ள ஆக்சைடு படலம் நெடுநாள் மின்சாரமில்லாமல் இருந்தால் நலிந்துவிடும், முழு வோல்டேஜ் ஒரேயடியாக வந்தால் கசிந்து சூடாகும். டெக்னீஷியன்கள் இதற்கு வேரியாக்கையும் (வோல்டேஜை மெல்ல ஏற்ற உதவும் டிரான்ஸ்ஃபார்மர்) பல்ப் லிமிட்டரையும் பயன்படுத்துவார்கள். பல்ப் லிமிட்டர் என்பது மெயினுக்கும் ஆம்புக்கும் நடுவே சீரிஸில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்ப். எல்ஈடி பல்ப் உதவாது. பவர் டியூப்களைக் கழற்றிவிட்டுப் போடும்போது பல்ப் ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள்.

ஸ்டாண்ட்பைக்கு வருவோம். பவர் ஸ்விட்ச் ஹீட்டர்களைச் சூடாக்கும். ஸ்டாண்ட்பை, டியூப்களுக்குப் போகும் உயர் வோல்டேஜைத் தடுத்து வைத்திருக்கும். பவரைப் போட்டு 30 முதல் 60 நொடி கழித்து ஸ்டாண்ட்பையைத் திறங்கள், அவ்வளவே. இதைச் செய்யாவிட்டால் கேத்தோடின் (சூடாகி எலக்ட்ரான்களை வெளியிடும் பாகம்) பூச்சு உரிந்துவிடும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அது பெரிய டிரான்ஸ்மிட்டர் டியூப்களின் கவலை. கிடார் ஆம்பின் சில நூறு வோல்ட்டில் அது நடப்பதில்லை. ஸ்டாண்ட்பை ஸ்விட்சே இல்லாத ஆம்ப்களும் நன்றாகத்தான் உழைக்கின்றன. உண்மையில் கெடுதல் மறுபக்கம்தான்: ஹீட்டர் எரிய, கரண்ட் ஓடாமல் மணிக்கணக்கில் ஸ்டாண்ட்பையில் விட்டால் கேத்தோடின் திறன் குறையும். பத்துப் பதினைந்து நிமிட இடைவேளைக்கு ஸ்டாண்ட்பை, அதற்கு மேல் என்றால் முழுக்க அணைத்துவிடுங்கள். அணைக்கும்போது ஸ்டாண்ட்பையைத் தொடாமல் பவரை மட்டும் அணைத்தால், சூடாக இருக்கும் டியூப்கள் வழியே கெப்பாசிட்டர்களில் உள்ள சார்ஜ் பெருமளவு வடிந்துவிடும்.

முதல் வாசிப்புக்கு பேஸ் 4, மிடில் 6, டிரெபிள் 5 என்று வைத்துக் காதால் திருத்திக்கொள்ளுங்கள். இந்த மூன்று குமிழ்களும் ஒன்றையொன்று பாதிக்கும், ஒன்றைத் திருப்பினால் மற்றதன் வேலையும் மாறும். மூன்றையும் பூஜ்ஜியத்தில் வைத்தால் பல ஆம்ப்களில் சத்தமே வராது, அது பழுதல்ல. பிரசன்ஸ் குமிழ் பவர் பகுதியின் நெகட்டிவ் ஃபீட்பேக்கில் வேலை செய்வதால், சத்தம் கொஞ்சம் ஏறிய பிறகுதான் அதன் வித்தியாசம் தெரியும்.

சத்தத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 100 டெசிபல் தரும் ஸ்பீக்கர் ஒன்று, 50 வாட்டில் 117 டெசிபல் தரும். உங்களிடம் இருப்பது நான்கு. 85 டெசிபலில் 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு. அதன்படி 100 டெசிபலில் 15 நிமிடம்தான். காதடைப்பான் போடுங்கள், கேபினெட்டின் நேர் அச்சில் தலையை வைக்காதீர்கள். பவர் டியூப்கள் முனகும் அந்தக் குரல் சின்ன அறையிலும் வேண்டுமென்றால் அட்டெனுவேட்டர் இருக்கிறது. ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் கேபிளால், ஆம்பின் ஓமுக்குப் பொருந்துவதாக மாட்டவேண்டும். 50 வாட் ஆம்புக்கு 100 வாட் தாங்குவதை எடுங்கள். அட்டெனுவேட்டர் சத்தத்தைக் குறைக்கிறது, டியூபின் உழைப்பைக் குறைப்பதில்லை. உள்ளே டியூப்கள் முழு வேகத்தில்தான் தேய்கின்றன.

டியூப் மாற்றுவதில் இரண்டு வகை. சின்ன 12ஏஎக்ஸ்7 டியூப்களுக்கு, ஐரோப்பியப் பெயர் இசிசி83, பயாஸ் தேவையில்லை. ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, நேராக இழுத்து நேராகச் செருகுங்கள். ஒன்பது பின்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கும், அதைப் பொருத்தினால் போதும். கிணுகிணுவென்று ஓசையோ ஊளையோ வந்தால், ஆம்பைக் குறைந்த வால்யூமில் போட்டு மரப் பென்சிலால் ஒவ்வொரு டியூபையும் மெல்லத் தட்டுங்கள். லேசான டக் ஓசை இயல்பு, மணியடித்ததுபோல் நீண்டால் அந்த டியூபை மாற்றவேண்டும். இன்புட் ஜாக்குக்கு நெருக்கமான முதல் டியூபே பெரும்பாலும் குற்றவாளி.

பவர் டியூப்கள் ஜோடியாக, ஒரே அளவு கரண்ட் இழுப்பவையாக வாங்கவேண்டும். எட்டுப் பின் ஆக்டல் டியூபின் அடியில் நடுவே உள்ள பிளாஸ்டிக் தண்டின் மேட்டைப் பார்த்துச் செருகுங்கள்; அந்த மேடு உடைந்திருந்தால் டியூப் தவறான கோணத்திலும் உட்காரும், போட்டதும் ஃபியூஸ் போகும். 6எல்6 இருந்த இடத்தில் இஎல்34 போடலாம் என்பதைக் கேட்டவுடன் நம்பாதீர்கள். 6எல்6-இன் ஹீட்டர் 0.9 ஆம்பியர், இஎல்34-இன் ஹீட்டர் 1.5 ஆம்பியர், மெயின் டிரான்ஸ்ஃபார்மர் அந்தக் கூடுதலைத் தாங்கவேண்டும். இஎல்34-க்குப் பின் 1, பின் 8-ஓடு இணைந்திருக்க வேண்டும்; 6எல்6 ஆம்ப்கள் சிலவற்றில் பின் 1-ஐ வேறு பாகங்களுக்குத் தாங்கலாகப் பயன்படுத்தியிருப்பார்கள்.

பயாஸ் செய்தே ஆகவேண்டுமா என்றால், ஆம்ப் எந்த வகை என்பதைப் பொறுத்தது. வாக்ஸ் ஏசி30 போன்ற, பயாஸைத் தானே அமைத்துக்கொள்ளும் கேத்தோடு பயாஸ் ஆம்ப்களில் திருப்ப ஒன்றும் இல்லை. தனி வோல்டேஜால் பயாஸ் கொடுக்கும் ஃபிக்ஸ்டு பயாஸ் ஆம்ப்களில், 50 வாட் ஹெட்கள் பெரும்பாலும் இந்த வகை, புது டியூப் போட்டதும் பயாஸ் பார்த்தே ஆகவேண்டும். கணக்கு இது: டியூப் தாங்கும் வாட்டைப் பிளேட் வோல்டேஜால் வகுத்து, அதில் 70 விழுக்காடு. இஎல்34 தாங்குவது 25 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் 25 வகுத்தல் 450, அதாவது 55.6 மில்லிஆம்பியர், அதில் 70 விழுக்காடு 39. இதே வோல்டேஜில் 30 வாட் தாங்கும் 6எல்6ஜிசி என்றால் 46.7. 70 என்பது மேல் வரம்பு, எட்ட வேண்டிய இலக்கு அல்ல. 60 முதல் 65-இல் குரல் பிடித்திருந்தால் அங்கேயே விடுங்கள். கேத்தோடில் ஒரு ஓம் ரெசிஸ்டர் இருந்தால் அதன்மேல் 1 மில்லிவோல்ட் என்பது 1 மில்லிஆம்பியர். அதில் டியூபின் இன்னொரு பாகமான ஸ்கிரீனின் கரண்டும் சேர்ந்திருப்பதால் உண்மையான பிளேட் கரண்ட் சற்றுக் குறைவு, அது பாதுகாப்பான பக்கம்தான். மிகக் குறைவாக வைத்தால் குரல் வறண்டு, நோட்டின் வாலில் கரகரப்பு வரும்.

பிளேட் வோல்டேஜை அளக்கச் சேஸிஸைத் திறக்கவேண்டும், அங்கே 400 முதல் 500 வோல்ட் டிசி இருக்கிறது. உயர் வோல்டேஜில் பழக்கம் இல்லையென்றால் இதை டெக்னீஷியனிடம் கொடுங்கள். தானே செய்பவர்களுக்கு: 1000 வோல்ட் தாங்கும் மீட்டர், ஒரு கை எப்போதும் பாக்கெட்டில் அல்லது முதுகுக்குப் பின்னால், விரலில் மோதிரம் வேண்டாம். கார்டைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் சார்ஜோடு இருக்கலாம். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்வது கெப்பாசிட்டரையும் கண்ணையும் கெடுக்கும். 100 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப் ஒயரில் கட்டி, ஒரு முனையைச் சேஸிஸிலும் மறுமுனையைக் கெப்பாசிட்டரின் பாசிட்டிவிலும் பிடியுங்கள். 100 மைக்ரோஃபேரட்டுக்கு ஒரு நிமிடம் வேண்டும். பிறகு மீட்டரால் ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே வந்த பின்னரே கை வையுங்கள்.

வாசிக்கும்போது கண் பவர் டியூப்கள் பக்கம் அவ்வப்போது போகட்டும். ஹீட்டரின் ஆரஞ்சு ஒளி இயல்பு, கண்ணாடி ஓரத்தில் நீல மினுக்கமும் கெடுதல் இல்லை. ஆனால் சாம்பல் நிறப் பிளேட்டே செந்தணலாகச் சிவந்தால் உடனே அணைக்கவும். பயாஸ் வோல்டேஜ் வராமல் போயிருக்கலாம், கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்திருக்கலாம், சாக்கெட்டின் பின் தளர்ந்திருக்கலாம், டியூபே செத்திருக்கலாம். ஜோடியின் இடத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள்: சிவப்பு டியூபோடு சேர்ந்து போனால் டியூப் பழுது, அதே சாக்கெட்டில் நின்றால் ஆம்ப் பழுது. ஹம்மின் சுருதியும் தகவல் சொல்லும். 50 ஹெர்ட்ஸ் மெயினில் 100 ஹெர்ட்ஸ் ஹம் என்றால் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வற்றியிருக்கின்றன, அல்லது ஜோடி பொருந்தவில்லை. 50 ஹெர்ட்ஸ் என்றால் எர்த் சுற்று, ஹீட்டர் ஒயரிங், கேபிள் ஷீல்டு ஆகியவற்றைத் தேடுங்கள். 60 ஹெர்ட்ஸ் மெயினில் இவை 120-உம் 60-உம். போட்டதும் மெயின் ஃபியூஸ் போய், பவர் டியூப்களைக் கழற்றியதும் போகாமல் இருந்தால், அந்த டியூப்களில் ஒன்று ஷார்ட்.

இரண்டு இஎல்34-உம் மூன்று 12ஏஎக்ஸ்7-உம் ஹீட்டருக்காக மட்டுமே ஏறத்தாழ 25 வாட் வெப்பத்தை வெளியேற்றுகின்றன, பிளேட்டின் வெப்பம் அதற்கு மேல். ஆம்பின் பின்பக்கம் சுவரிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், மேல் கிரில்லில் துணியோ தண்ணீர்க் குவளையோ வைக்காதீர்கள். வாசித்து முடித்தவுடன் தூக்கி வண்டியில் போடாமல் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சூடான டியூபின் உள்பாகங்கள் அதிர்ச்சியைத் தாங்காது. குளிர்ந்த இடத்திலிருந்து ஈரப்பதமான அறைக்குள் கொண்டுவந்தால், பனித்துளி காயும்வரை மின்சாரம் கொடுக்காதீர்கள்.